அரிசி மூடையும் அணைந்த அடுப்பும்

2013 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21 ஆம் நாளிரவு ரொறன்ரோ பெரும்பாகத்தில் உறைமழை பெய்யத் தொடங்கியது. விடிந்தபோது பனிக்கட்டியின் பாரம் தாங்காத மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகளின் மீது வீழ்ந்து கிடந்தன. ரொறன்ரோ மாநகரில் மட்டும் ஏறத்தாழ 300,000 மின்னிணைப்புகள் செயலிழந்தன. தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோ, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. நத்தார் நாளன்றும் பல்லாயிரக்கணக்கான வீடுகள் இருளிலும் குளிரிலும் கிடந்தன.

புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் அரிசிக்குப் பஞ்சம் இருப்பதில்லை. நிலவறையில் இரண்டு மூடை அரிசி, பருப்பு, மா, செத்தல் மிளகாய், பிறீசர் நிறைய மீனும் இறைச்சியும் என்று எந்த நாளிலும் ஒரு மாதத்துக்குப் போதுமான உணவு இருக்கும். ஆயினும் மின்னடுப்பு எரியாத வீட்டில் அரிசியை எதில் வேகவைப்பது? எரிவாயுவில் இயங்கும் வெப்பமூட்டியைக் கொண்ட வீடுகளிற்கூட, அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் குளிரில் நடுங்கியபோதே அறிந்துகொண்டனர். பொருள் நிறைந்த வீடொன்று ஓரிரவில் கையறு நிலைக்கு வரலாம் என்பதை அந்த நாட்கள் எடுத்துக்காட்டின.

ஒரு குடும்பத்தை இடர்காலத்துக்கெனப் பொருள் சேர்த்து வைக்கத் தூண்டுவது எது? பெற்றோரின் அச்சமா, அரசின் அறிவுறுத்தலா, அயலவரைப் பார்த்து வரும் பழக்கமா? சேர்த்து வைத்தவை வேண்டிய வேளையில் உதவாமற் போவது ஏன்? புலம்பெயர் சமூகத்தின் பெற்றோரும் இளையோரும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய வினாக்கள் இவை.

பொருளாதாரத் தடை கற்பித்த பாடம்

ஈழத்தின் வடக்கிலிருந்து வந்த பெற்றோருக்கு இவ்வினாவின் விடை நூல்களில் இல்லை. அவர்தம் உடலிலேயே உண்டு. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. எரிபொருள், பற்றறி, சீமெந்து, உரம் முதலாகப் பல பொருட்கள் தடைசெய்யப்பட்டன, அல்லது கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. 2002 இல் போர்நிறுத்தத்தை ஒட்டித் தடைகள் பெருமளவு நீக்கப்படும் வரை ஒரு முழுத் தலைமுறை அந்தத் தட்டுப்பாட்டுக்குள் வளர்ந்தது.

ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு எரித்த விளக்கில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளே இன்று புலம்பெயர் நாடுகளில் பெற்றோராக இருக்கின்றனர். துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். சவர்க்காரம் அரிதான காலத்தில் பனங்களியால் உடை தோய்த்த தாய்மாரைக் கண்டவர்கள் அவர்கள். சங்கக்கடை வாசலில் விடியுமுன் வரிசையில் நின்றவர்கள், 2006 ஆகஸ்ட் மாதம் ஏ-9 பாதை மீண்டும் மூடப்பட்டபோது உறவினர் அதே வரிசைக்குத் திரும்பியதைத் தொலைபேசியிற் கேட்டறிந்தனர். 2022 இல் இலங்கை முழுவதும் எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கிற் காத்துநின்ற காட்சி அந்நினைவை மேலும் உறுதிப்படுத்தியது.

இத்தகைய ஒருவர் மலிவு விற்பனையில் அரிசியைக் கண்டால் இரண்டு மூடைகளை வண்டியில் ஏற்றுவது வியப்புக்குரியதன்று. அவர் அரிசியை மட்டும் வாங்கவில்லை. வெறும் பானையைக் கண்ட நாளொன்று தன் பிள்ளைகளுக்கு வாராதிருக்கும் என்ற உறுதியையும் சேர்த்தே வாங்குகின்றார். அதனைக் கஞ்சத்தனம் என்றோ பழைய பழக்கம் என்றோ எள்ளி நகையாடும் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நன்று.

அச்சத்துக்கு முந்திய வழக்கம்

எனினும் தமிழர் பொருள் சேர்த்து வைக்கக் கற்றது போரினால் மட்டுமன்று. போருக்கு முன்னரே யாழ்ப்பாணத்து வீடுகளில் மாரிகாலத்துக்கான தேட்டம் இருந்தது. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்த ஒடியலும், அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும், மோர்மிளகாயும், வடகமும், வற்றலும், கருவாடும் வெயில் காலத்திலேயே ஆயத்தமாகிவிடும். கடல் கொந்தளித்து மீன் வாராத நாட்களிலும், வெள்ளம் நின்று சந்தைக்குப் போகவியலாத நாட்களிலும் அவை கைகொடுத்தன.

அங்கே எவரும் பேரிடரை எண்ணிக் கலங்கிப் பொருள் சேர்க்கவில்லை. பருவம் வந்தது, பாட்டி பாயை விரித்தாள், பிள்ளைகள் காகம் விரட்டினர். செய்ய வேண்டியது இன்னதென்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அயல்வீட்டு முற்றத்திலும் அதுவே நடந்தது. சேர்த்து வைத்தவை அடுத்த வெயிலுக்கு முன் உண்டு முடிக்கப்பட்டன. ஆகவே எதுவும் பழுதாகவில்லை, எதுவும் மறக்கப்படவுமில்லை.

இவ்விரண்டு ஊற்றுகளையும் வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாதது. தடைக்காலத்து நினைவு தருவது அச்சத்தின் உந்துதல். மாரிகாலத் தேட்டம் தருவது வழக்கத்தின் உந்துதல். முன்னையது வலிமை மிக்கது. ஆயினும் எதனைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதை அது சொல்வதில்லை. பின்னையது அமைதியானது, தன் நிலத்தையும் காலநிலையையும் அறிந்து செயற்படுவது. புலம்பெயர் வீடுகளில் முன்னையது இன்றும் உயிரோடு இருக்கின்றது. பின்னையது பெரும்பாலும் கடல் கடக்கவில்லை.

ஆய்வாளர் கண்டவை

மக்கள் ஏன் தற்காப்பு நடவடிக்கைகளில் இறங்குகின்றனர் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ரொனால்ட் ரொஜர்ஸ் 1975 இல் ஒரு விளக்கத்தை முன்வைத்து, 1983 இல் அதனை விரிவாக்கினார். அவர்தம் கருத்தின்படி ஒருவர் மனதில் நான்கு வினாக்கள் எழுகின்றன. வரக்கூடிய ஆபத்து எவ்வளவு கொடியது? அது தன்னை வந்தடையுமா? தான் செய்யப்போவது அந்த ஆபத்தைத் தணிக்குமா? அதனைச் செய்யத் தன்னால் இயலுமா? முதல் இரண்டுக்கும் ஆம் என்று விடையளித்து, இறுதி இரண்டுக்கும் இல்லை என்று விடையளிப்பவர் செயற்படுவதில்லை. அவர் அந்த எண்ணத்தையே மனதிலிருந்து தள்ளிவிடுகின்றார். அச்சுறுத்தும் பரப்புரைகள் பல பயனற்றுப் போவதன் காரணம் இதுவே.

அனர்த்த சமூகவியலாளர் டெனிஸ் மிலெற்றியும் அவருடன் பணியாற்றியோரும் அமெரிக்கக் குடும்பங்களிடையே மேற்கொண்ட ஆய்வுகள் இன்னொரு பக்கத்தைக் காட்டின. ஆபத்து பெரிதென்று அறிந்திருப்பதைக் காட்டிலும், என்ன செய்யவேண்டும் என்ற தெளிவான செய்தியைப் பல வழிகளிலும் கேட்டிருப்பதும், தமக்குத் தெரிந்தவர்கள் அதனைச் செய்வதைக் கண்டிருப்பதுமே மக்களைச் செயலுக்குத் தூண்டுகின்றன. முற்றத்தில் பாய் விரித்த பாட்டியும், அவரைக் கண்டு தானும் பாய் விரித்த அயல்வீட்டுக்காரியும் இவ்வுண்மையை ஆய்வின்றியே அறிந்திருந்தனர்.

அச்சம் மட்டும் முன்னின்று வழிநடத்தினால் நிகழ்வது என்ன என்பதற்கு 2020 மார்ச் மாதம் சான்றாகும். கொரோனாத் தொற்று பரவியபோது கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கழிவறைத் தாள் அடுக்குகள் வெறுமையாகின. அவ்வாண்டு ‘பிளொஸ் வண்’ ஆய்விதழில் வெளிவந்த ஆய்வொன்று 35 நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வினவி, தொற்றினால் தமக்கு அச்சுறுத்தல் மிகுதி எனக் கருதியவர்களே கூடுதலாகத் தாள் சேர்த்தனர் என்று கண்டறிந்தது. கழிவறைத் தாள் எந்தத் தொற்றையும் தடுப்பதில்லை. எனினும் அதனை வண்டியில் ஏற்றியவருக்குத் தன் வீட்டுக்காக எதையோ செய்துவிட்டோம் என்ற ஆறுதல் கிட்டியது. அரிசிக்கும் மாவுக்கும் தமிழ்க் கடைகளில் நின்றவர்களின் மனநிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று.

சேமிப்பும் பதுக்கலும்

தமிழில் ‘பதுக்கல்’ என்ற சொல்லுக்குப் பழி உண்டு. தட்டுப்பாட்டுக் காலத்தில் பொருளை மறைத்து வைத்து விலையேற்றி விற்ற வணிகர்களை மக்கள் இலகுவில் மறப்பதில்லை. இதனாலேயே, வீட்டில் பொருள் சேர்ப்பது தன்னலம் என்ற எண்ணம் இளையோர் சிலரிடம் நிலவுகின்றது. 2020 இல் வெறுமையான அடுக்குகளைக் கண்ட பின்னர் அவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது.

இங்கே காலமே வேறுபாட்டை உண்டாக்குகின்றது. கடைகள் நிறைந்திருக்கும் சாதாரண வாரமொன்றில் இரண்டு ரின்மீனும் ஒரு பெட்டித் தண்ணீரும் கூடுதலாக வாங்குபவர் எவருடைய பங்கையும் பறிப்பதில்லை. மாறாக, இடர் வந்த நாளில் அவர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அவர் நில்லாத இடத்தில், முன்கூட்டி வாங்க வசதியற்ற இன்னொருவர் நிற்கலாம். புயல் எச்சரிக்கை வெளியான பின்னர் பத்து மடங்கு வாங்குபவரே அயலவரின் பங்கை எடுத்துக்கொள்கின்றார். எனவே முன்னாயத்தம் தன்னலமன்று. அது அயலவருக்குச் செய்யும் உதவியுமாகும்.

புதிய நிலத்தின் ஆபத்துகள்

தாயகத்தில் நிகழ்ந்தது பொருள் வரத்தின் தடை. வீட்டில் விறகு இருந்தது; கிணற்றில் நீர் இருந்தது; மண்ணெண்ணெயும் பருப்பும் சீனியும் வரவில்லை. ஆகவே உணவைச் சேர்த்து வைத்தல் சரியான விடையாக இருந்தது. கனடாவிலோ ஐரோப்பாவிலோ வரக்கூடிய இடரின் இயல்பு வேறு. கடையில் பொருள் இருக்கும். வீட்டில் மின்சாரம் இராது.

1998 ஜனவரியில் கியூபெக்கையும் கிழக்கு ஒன்ராறியோவையும் தாக்கிய உறைமழைப் புயலில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரம் இழந்தனர். சில பகுதிகளுக்கு அது மீண்டுவர ஒரு மாதத்துக்கும் மேலாகியது. மீட்புப் பணிக்கு 15,000 க்கும் மேற்பட்ட படையினர் அனுப்பப்பட்டனர். 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் பலவற்றிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் ஒரே மாலையில் மின்சாரத்தை இழந்தனர். 2022 ஜூலை 8 அன்று கனடாவின் மிகப்பெரும் தொலைத்தொடர்பு வலையமைப்புகளுள் ஒன்று செயலிழந்தபோது வங்கி அட்டை மூலம் பணம் செலுத்துவதும் நாடெங்கும் தடைப்பட்டது. கையிற் காசு இல்லாதவர்கள் கடைவாசலிலிருந்து திரும்பினர். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருளில் மூழ்கியபோது, கையடக்கத் தொலைபேசியை மட்டும் நம்பியிருந்தவர்கள் பற்றறி வானொலி தேடி அலைந்தனர்.

இத்தகைய நாளில் அரிசி மூடை தானாக உதவுவதில்லை. அது அடுப்பையும் நீரையும் வேண்டி நிற்கும். அடுக்குமாடிக் கட்டடங்களில் மின்சாரம் நின்றால் நீரேற்றும் இயந்திரமும் நிற்கும், மின்தூக்கியும் நிற்கும். பதினைந்தாம் மாடியில் வாழும் முதியவருக்கு நீர்க்குழாய் வறண்டுவிடும். நிறைந்த பிறீசர் திறக்கப்படாதிருந்தால் ஏறத்தாழ இரண்டு நாட்களும், பாதி நிறைந்தது ஒரு நாளும் தாங்கும். குளிர்சாதனப் பெட்டி நான்கு மணிநேரமே தாங்கும். 2013 இல் பழுதாகிப்போன உணவுக்கு ஈடாக ஒன்ராறியோ மாகாணத்தில் வழங்கப்பட்ட கடை அட்டைகளுக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றனர்.

இவை யாவற்றிலும் கொடியது இன்னொன்று. தாயகத்தில் விறகிலும் கரியிலும் சமைத்துப் பழகியவருக்கு, மின்சாரம் நின்ற வீட்டில் கரியடுப்பை உள்ளே கொண்டுவருவது இயல்பான எண்ணமாகத் தோன்றும். கூரைக்கும் சுவருக்குமிடையே காற்று வீசும் யாழ்ப்பாணத்துக் குசினியில் அது தீங்கு விளைவிக்கவில்லை. குளிருக்காக இறுக அடைக்கப்பட்ட வீட்டில் அது உயிரைப் பறிக்கும். கரியும் பார்பிகியூ அடுப்பும் மின்பிறப்பாக்கியும் வெளிவிடும் காபன் மொனொக்சைட் என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 1998 புயலிலும் 2013 புயலிலும் அதற்குப் பலியானோர் உளர்.

அமெரிக்காவின் சியாற்றில் நகரப் பகுதியில் 2006 டிசம்பரில் வீசிய புயலின் பின் இந்த நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டோருள் பெருந்தொகையினர் குடிவரவாளர்களாக இருந்தனர். வீட்டுக்குள் கரி எரித்துக் குளிர்காய முற்பட்டவர்கள் அவர்கள். அங்குள்ள ‘சியாற்றில் ரைம்ஸ்’ நாளிதழ் தன் முதற்பக்கத்திலேயே பல மொழிகளில் எச்சரிக்கையை அச்சிட வேண்டியதாயிற்று. அங்கே அறிவு இல்லாமலில்லை. அது உரிய மொழியில் உரிய வேளையில் வீடு வந்து சேரவில்லை.

எடுத்துச் செல்லவியலாத களஞ்சியம்

தாயகத்து அனுபவத்தில் மறக்கப்பட்ட பாடம் ஒன்றும் உண்டு. 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் தம் வீடுகளை விட்டு ஓரிரவில் வெளியேறினர். இலட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். ஆண்டுக்கணக்கிற் சிக்கனமாகச் சேர்த்து வைத்த நெல்லும் பருப்பும் வீட்டிலேயே நின்றன. கையில் வந்தவை துவிச்சக்கரவண்டியில் ஏற்றக்கூடியவை மட்டுமே. பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் எடுத்து வந்தவர்கள் பின்னர் தப்பினர். அவற்றை விட்டு வந்தவர்கள் தம்மை மெய்ப்பிக்கப் பல்லாண்டுகள் அலைந்தனர்.

ஆகவே வீட்டில் இருந்து தாக்குப்பிடிப்பதற்கான சேமிப்பு வேறு, வீட்டை விட்டு நீங்குவதற்கான பை வேறு. தீவிபத்து, எரிவாயுக் கசிவு, வெள்ளம், காட்டுத்தீ என்பவற்றில் இரண்டாவதே உதவும். 2016 மே மாதத்தில் கனடாவின் போட் மக்மறி நகரத்து மக்கள் காட்டுத்தீயினால் வெளியேற நேர்ந்தபோது, அவர்களுக்கும் களஞ்சியத்தை எடுத்துச் செல்ல நேரமிருக்கவில்லை. வீட்டின் நிலவறை நிறைந்திருக்க, கதவருகே ஒரு பை இல்லாதிருப்பது பாதி ஆயத்தமே.

அரசுகளின் அறிவுறுத்தலும் நம்பிக்கையும்

புலம்பெயர் தமிழர் வாழும் நாடுகளின் அரசுகள் இவ்விடயத்தில் வாளாவிருக்கவில்லை. குறைந்தது 72 மணிநேரம் தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் குடும்பங்கள் ஆயத்தமாயிருக்க வேண்டும் எனக் கனடிய அரசு நீண்டகாலமாக அறிவுறுத்தி வருகின்றது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 லீற்றர் குடிநீரும், சமையலுக்கும் தூய்மைக்குமென மேலும் 2 லீற்றரும் அது பரிந்துரைக்கும் அளவாகும். சுவிற்சர்லாந்து ஒருவருக்கு 9 லீற்றர் நீரையும் ஏறத்தாழ ஒரு வாரத்துக்கான உணவையும் வைத்திருக்கும்படி கூறுகின்றது. நோர்வே 2018 இல் மூன்று நாட்கள் என்றது. 2024 இல் அதனை ஒரு வாரமாக உயர்த்தியது. ஜேர்மனி இயன்றால் 10 நாட்களுக்கு என்கின்றது. 2025 மார்ச் மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் 72 மணிநேர ஆயத்தத்தைத் தன் மூலோபாயத்தில் சேர்த்துக்கொண்டது.

ஆயினும் இந்த ஏடுகள் தமிழ்ப் பெற்றோரின் கைகளில் எவ்வளவு தூரம் உயிர்பெறுகின்றன? மொழி ஒரு தடை. அதனைவிட ஆழமான தடையொன்றும் உண்டு. அரசின் அறிவித்தல் என்றாலே ஐயுற்றுப் பழகிய மக்கள் இவர்கள். பாதுகாப்பான இடமென்று அறிவிக்கப்பட்ட இடங்களிலேயே எறிகணை வீழ்ந்ததைக் கண்ட சமூகம், எந்த அரசு அச்சிட்ட துண்டறிக்கையையும் உடனே நம்பிவிடாது. நம்பிக்கை இல்லாத இடத்தில் அறிவுரை தூண்டுகோலாவதில்லை. பெற்றோர் நம்புவது தம் அனுபவத்தை. அதற்கு அடுத்ததாகத் தம் பிள்ளைகளை.

இங்கேதான் இளையோரின் பங்கு தொடங்குகின்றது. புதிய நாட்டின் மொழியும், அதன் பாடசாலைகளில் கற்பிக்கப்படும் தீப்பாதுகாப்பும் முதலுதவியும் அவர்களிடம் உண்டு. இல்லாதது உந்துதல். ஒரு விரலசைவில் உணவு வாசலுக்கு வரும் உலகில் பிறந்தவர்களுக்கு, கடை மூடப்படும் நாளொன்றைக் கற்பனை செய்தல் கடினம். பெற்றோரிடம் உந்துதல் உண்டு. புதிய நிலத்தின் அறிவு குறைவு. ஒரே கூரையின் கீழ் வாழும் இருவரிடமும் ஆளுக்குப் பாதி இருக்கின்றது. அப்பாதிகள் ஒன்றையொன்று சந்திக்காத வீடுகளே பெரும்பாலானவை.

வசதியற்றோர் நிலை

பொருள் சேர்த்து வைத்தல் என்பது இடமும் பணமும் உடையோருக்கே இலகுவானது. வாடகைக்கு ஒற்றை அறையில் வாழும் ஏதிலிக் கோரிக்கையாளருக்கும், இரண்டு வேலை பார்த்தும் மாத இறுதியில் தடுமாறும் குடும்பத்துக்கும், தனித்து வாழும் முதியவருக்கும் ‘ஒரு வாரத்துக்கு வாங்கி வையுங்கள்’ என்ற அறிவுரை எட்டாக்கனி. தம்மால் இயலாது என்று கருதுவோர் முயல்வதையே விட்டுவிடுவர் என்பது மேலே கண்ட ஆய்வுகளின் முடிவுமாகும்.

ஆகவே தொடக்கம் சிறிதாக இருத்தல் வேண்டும். வாரமொன்றுக்கு ஒரு ரின், அல்லது ஒரு பெட்டி பிஸ்கட். கழுவிய போத்தல்களில் நிரப்பி வைத்து அவ்வப்போது மாற்றும் குழாய்நீர். பழைய பையொன்றில் ஆவணங்களின் படிகளும் சிறிதளவு காசும். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. நீரிழிவுக்கோ குருதியமுக்கத்துக்கோ மருந்து உட்கொள்வோர், முடிவதற்கு முதல் நாள்வரை காத்திராது ஒரு வாரம் முந்தியே மீள்நிரப்பிக்கொள்ளலாம். தனித்திருக்கும் முதியவரின் கதவைத் தட்டி நலம் விசாரிக்கும் பொறுப்பை அயலிலுள்ள ஒரு குடும்பம் ஏற்குமாயின், அது எந்தப் பொருளையும்விட மேலான சேமிப்பாகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு மாலை கூடியிருந்து, மின்சாரமும் நீரும் மூன்று நாட்களுக்கு இல்லையென்றால் இவ்வீட்டில் என்ன நிகழும் என்று பேசுதல் வேண்டும். அறை அறையாகச் சென்று பார்த்தால் குறைகள் தாமே தெரியும். சமைக்காமல் உண்ணத்தக்கவை எவை? ரின் திறக்கும் கருவி உண்டா? ரோர்ச் விளக்கின் பற்றறி உயிரோடு உள்ளதா? காபன் மொனொக்சைட் அபாய அறிவிப்பான் பற்றறியில் இயங்குமா? பாட்டியின் மருந்து எத்தனை நாட்களுக்கு? கைத்தொலைபேசி அணைந்தால் எவருடைய தொலைபேசி இலக்கம் மனப்பாடமாக இருக்கின்றது?

இரண்டாவதாக, அவ்வாயத்தத்தை ஆண்டின் வழக்கத்தோடு பிணைத்தல் வேண்டும். கடிகாரத்தை மாற்றும் நாட்களில் ஆண்டுக்கு இருமுறை பற்றறிகளைச் சோதித்து, நீரை மாற்றி, காலாவதியாகவுள்ளவற்றை எடுத்து உண்டு, புதியவற்றை வைக்கலாம். மாரிகாலத் தேட்டத்தின் அறிவு இதுவே: சேர்த்தல், உண்ணுதல், மீண்டும் சேர்த்தல். தமிழ் வீடுகளில் வழமையாக உள்ள அவலும், பொரிவிளங்காயும், பேரீச்சம்பழமும், கச்சானும் அடுப்பு வேண்டாத உணவுகள் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மூன்றாவதாக, இதனைத் தனி வீடுகளின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடலாகாது. தமிழ்ப் பாடசாலைகள் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்கலாம். ஆலயங்களும் தேவாலயங்களும் ஊர்ச்சங்கங்களும் தத்தம் நாட்டின் அறிவுறுத்தல்களைத் தமிழில் பெயர்த்து வழங்கலாம். உள்ளூர் தீயணைப்புப் பிரிவினரை அழைத்து விளக்கமளிக்கச் செய்யலாம். கரியடுப்பு பற்றிய எச்சரிக்கை குளிர்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு தமிழ்க் கடையின் வாசலிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். தமிழர் பெருந்தொகையாக வாழும் நகரங்களின் ஆட்சியினரிடம், அவசர அறிவித்தல்களைத் தமிழிலும் வெளியிடும்படி கோருவது அமைப்புகளின் கடமையாகும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாயகக் கரைகளை அழித்தபோது, புலம்பெயர் தமிழர் சில நாட்களுக்குள் மண்டபங்களை நிறைத்து, உடையும் உணவும் மருந்தும் பொதிசெய்து அனுப்பினர். இளையோர் இரவிரவாகப் பெட்டி கட்டினர். என்ன தேவை, எவருக்குத் தேவை, எப்படிச் சேர்ப்பது என்று அறிந்து செயலாற்றும் ஆற்றல் இச்சமூகத்துக்கு உண்டு என்பதற்கு அதனினும் சான்று வேண்டியதில்லை. தொலைவிலுள்ள உறவுகளுக்காக அன்று காட்டிய அதே ஒழுங்கைத் தம் சொந்த வீட்டுக்கும், அயலில் தனித்திருக்கும் முதியவருக்கும் காட்ட வேண்டிய காலம் இது.

அடுத்த உறைமழை எந்த ஆண்டு வரும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்லவியலாது. அன்றிரவு நிலவறையில் அரிசி மூடை இருக்கும் என்பது மட்டும் உறுதி. அதன் பக்கத்தில் நீரும், சமைக்காமல் உண்ணத்தக்க உணவும், விளக்கும், வானொலியும் இருக்குமா என்பது பெற்றோரும் பிள்ளைகளும் இவ்வாரம் ஒரு மாலையை ஒதுக்குவார்களா என்பதிலேயே தங்கியுள்ளது.